ஓரியனின் வாளுக்குப் பின்னால்

தை, மாசி இரவுகளில் எட்டு ஒன்பது மணி வாக்கில் மொட்டைமாடியில் நின்று அண்ணாந்தால் ஓரியன் ஏறக்குறைய உச்சிக்கு வந்திருக்கும். ஒரே கோட்டில் அமைந்த மூன்று விண்மீன்கள்தான் அடையாளம். அது ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடைக்கச்சை. கச்சைக்கு ஒரு பக்கம் செம்மஞ்சளாகத் திருவாதிரை, மறுபக்கம் நீலவெள்ளையாக ரைகல். கச்சையிலிருந்து தொங்குவதுபோல் மங்கலாக இன்னொரு சிறு வரிசை தெரியும். அதுதான் வாள். வாளின் நடுவில் இருப்பதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். மற்ற விண்மீன்கள் ஊசிமுனைபோல் கூர்மையாக நிற்க, இது மட்டும் கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டதுபோல் கசிந்திருக்கும். கையில் சாதாரணப் பைனாகுலர் இருந்தால் போதும், அது புகைப்படலம் போன்ற ஒன்று என்பது தெரிந்துவிடும்.

அந்தப் படலம் ஓரியன் நெபுலா. இங்கிருந்து சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. சூரியனைவிடப் பல மடங்கு பெரிய விண்மீன்கள் பிறக்கும் இடங்களில் நமக்கு மிக அருகில் இருப்பது இதுதான். பால்வீதியில் இதைவிடப் பிரம்மாண்டமான பிறப்பிடங்கள் பல உண்டு. ஆனால் அவை தொலைவில் இருப்பதால் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துப் பார்ப்பது கடினம். ஓரியனில் ஒவ்வொன்றையும் எண்ண முடிகிறது, எடை போட முடிகிறது, சிலவற்றைச் சுற்றிக் கோள்களுக்கான மூலப்பொருள் சுழல்வதையும் பார்க்க முடிகிறது.

படலத்தின் நடுவில் நான்கு விண்மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு 'ட்ரபீசியம்' என்று பெயர். அந்த நால்வரில் ஒருவரே வீட்டை ஆள்பவர்: தீட்டா-1 ஓரியானிஸ் சி. சூரியனைப்போல் முப்பது மடங்குக்கு மேல் நிறை, மேற்பரப்பில் ஏறத்தாழ 39,000 டிகிரி வெப்பம். அதன் புற ஊதாக் கதிர்கள் சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிகின்றன. அவை மறுபடியும் வந்து சேரும்போது வெளிப்படும் ஒளியே நம் கண்ணுக்குப் படலமாகத் தெரிகிறது. அந்த ஒரு விண்மீன் அணைந்தால் ஓரியன் நெபுலாவின் ஒளியில் பெரும்பகுதி போய்விடும்.

இவ்வளவு அழகாக ஒளிர்வது வெறும் தோல்தான் என்பது 1970-களில்தான் தெளிவானது. பின்னால் இருப்பது கன்னங்கரேலென்று குளிர்ந்த, பிரம்மாண்டமான மூலக்கூறு மேகம். அதன் நம்மை நோக்கிய பக்கத்தில் தீட்டா-1 சி ஒரு குழியை எரித்துத் திறந்திருக்கிறது. மலைச்சரிவில் வெட்டிய கல்குவாரிக்குள் விளக்கு ஏற்றி வைத்தால் குவாரியின் சுவர்கள் பளிச்சென்று தெரியும், மலை இருட்டில் கிடக்கும் அல்லவா? நாம் பார்ப்பது அந்தச் சுவர்களை. விண்மீன்கள் இப்போது பிறந்துகொண்டிருப்பது பின்னால் உள்ள மலைக்குள்.

மலைக்குள் பார்க்க முடியாததற்குக் காரணம் தூசி. விண்வெளித் தூசி என்றால் நம் வீட்டு அலமாரியில் படிவதுபோல் எண்ணிவிடக் கூடாது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள சிலிகேட், கரித் துகள்கள் அவை. சிகரெட் புகையின் துகள்கள் அளவுக்குப் பொடி. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. துகளின் அளவும் அலையின் அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒளி அவற்றில் மோதிச் சிதறிவிடுகிறது. அலைநீளம் கூடக்கூட மோதல் குறைகிறது. இதைக் கணக்காகச் சொன்னால் வியப்பு இன்னும் கூடும். பார்வை ஒளியை வானியலாளரின் பிரகாச அளவுகோலில் 30 தரம் மங்கவைக்கும் தூசித்திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேகத்தின் ஆழத்தில் இது சாதாரணம். பின்னால் ஒரு விண்மீன் இருந்தால் அதன் பார்வை ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்கே வெளியே வரும். அதே விண்மீனை 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் பார்த்தால் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு வந்து சேரும். திரை ஒன்றேதான். ஒரு கண்ணுக்கு அது கருங்கல் சுவர், இன்னொரு கண்ணுக்கு மெல்லிய சல்லாத் துணி.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல் ஒன்று உண்டு. வில்லியம் ஹெர்ஷல் 1774-இல் தன் கையால் செய்த தொலைநோக்கியோடு வானைக் குறிப்பெடுக்கத் தொடங்கியபோது, முதல் பக்கத்தில் எழுதியது ஓரியன் நெபுலாவைப் பற்றித்தான். வருங்காலச் சூரியன்களுக்கான மூலப்பொருள் இங்கே ஒழுங்கற்றுக் கிடக்கிறது என்று பிற்பாடு அவர் ஊகித்தார். அதே ஹெர்ஷல்தான் 1800-இல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானி இன்னும் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் அப்படித்தான் உலகுக்குத் தெரியவந்தது. ஊகமும் அதைச் சோதிக்கும் கருவியும் ஒரே மனிதரின் கையில் இருந்தன. இரண்டும் ஓரியனில் சந்திக்க மேலும் 160 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஏன் அவ்வளவு தாமதம்? சூடு உள்ள எல்லாப் பொருளும் அகச்சிவப்பை வீசுகிறது. நம் உடல் வீசுவது பெரும்பாலும் 9 மைக்ரான் அருகே. தொலைநோக்கியின் ஆடியும் குழாயும் மேலே உள்ள காற்றும் அதேபோல் ஒளிவிட்டுக்கொண்டிருக்கும். அந்த வெளிச்சத்துக்கு நடுவில் விண்மீனின் துளி வெப்பத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். போதாக்குறைக்குக் காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பின் பெரும்பகுதியை வரும் வழியிலேயே விழுங்கிவிடும். சில சிறு சாளரங்கள் மட்டுமே திறந்திருக்கும்: 2.2 மைக்ரானில் ஒன்று, 3.5-க்கு அருகில் ஒன்று, 10-இல் ஒன்று, 20-க்கு அருகில் அரைகுறையாக ஒன்று. வறண்ட உயரமான இடத்தை அகச்சிவப்பு வானியலாளர் தேடி அலைவது இதனால்தான். லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி நிறுத்தப்பட்டதற்கும் அது ஒரு காரணம். அந்த உயரமும் போதாத நீண்ட அலைகளுக்காக டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஹைதராபாத்திலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கியைப் பலூனில் கட்டி 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, விண்மீன் பிறப்பிடங்களை அளந்தார்கள்.

1960-களின் கருவிகளை இன்று நினைத்தால் நம்பச் சிரமமாக இருக்கும். படம் எடுக்கும் கேமரா இல்லை. குளிர்விக்கப்பட்ட ஒற்றை ஈய சல்ஃபைடு உணரி மட்டும் இருந்தது. இன்றைய மொழியில் சொன்னால் ஒரே ஒரு பிக்சல். தொலைநோக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, காகிதத்தில் ஓடும் பேனாவின் கோடு மேலே எழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் எரிக் பெக்ளின் என்ற ஆராய்ச்சி மாணவர் அப்படித்தான் ஓரியன் நெபுலாவை 2.2 மைக்ரானில் வரிசை வரிசையாகத் துழாவினார். ட்ரபீசியத்துக்கு வடமேற்கே, ஒளிப்படங்களில் எதுவுமே இல்லாத ஓரிடத்தில் கோடு எழுந்தது. பார்வை ஒளியில் அங்கே ஒரு விண்மீனும் கிடையாது. அவரும் அவருடைய ஆசிரியர் ஜெரி நியூகெபாயரும் 1967-இல் அதை வெளியிட்டார்கள். இன்றும் அதன் பெயர் பெக்ளின்–நியூகெபாயர் பொருள். சுருக்கமாக பிஎன்.

அதன் நிறத்தை வைத்துக் கணக்கிட்ட வெப்பநிலை சுமார் 700 கெல்வின், அதாவது 430 டிகிரி செல்சியஸ் அளவு. கொல்லர் உலையில் இரும்பைக் காய்ச்சுபவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். இரும்பு முதலில் சுடும், ஒளிராது. ஏறத்தாழ 525 டிகிரிக்கு வந்தபிறகே மங்கிய சிவப்பு தெரியத் தொடங்கும். இந்த எல்லையை 1847-இல் அளந்தவர் ஜான் வில்லியம் டிரேப்பர். அவருடைய மகன் ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் புகைப்படம் எடுத்தவர். தந்தை வகுத்த எல்லைக்குக் கீழே இருந்த ஒன்று, மகன் எடுத்த படத்தில் எப்படித் தெரிந்திருக்கும்? பிஎன் தூசிக்குப் பின்னால் மறைந்திருந்தது என்பது ஒரு பாதி. நமக்கு முகம் காட்டும் அதன் சூடான தூசிப் போர்வையே கண்ணுக்குத் தெரியும் ஒளியை வீசுவதில்லை என்பது மறுபாதி. நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வது அதற்கு அப்படியே பொருந்தும்.

பிஎன் வெளியான அதே 1967-இல் டக்ளஸ் க்ளைன்மனும் ஃபிராங்க் லோவும் 22 மைக்ரானில் இன்னொரு செய்தியோடு வந்தார்கள். லோ தானே உருவாக்கிய ஜெர்மானியம் வெப்ப உணரி அவர்களிடம் இருந்தது. பிஎன் பக்கத்திலேயே, இன்னும் குளிர்ந்த, படர்ந்த ஓர் அகச்சிவப்பு நெபுலாவை அவர்கள் கண்டார்கள். அது வீசும் மொத்த ஆற்றல் சூரியனைப்போல் சுமார் ஒரு லட்சம் மடங்கு. ஒரு துளி பார்வை ஒளியும் இல்லை. உள்ளே சில பெரிய விண்மீன்கள் இருந்து, அவற்றின் ஒளி முழுவதையும் தூசி விழுங்கி, வெப்பமாகத் திருப்பிக் கொடுக்கிறது என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள முடியும். தூசி ஆற்றலை அழிப்பதில்லை, அலைநீளத்தை மாற்றித் தருகிறது. விண்மீன் பிறப்பை அகச்சிவப்பில் படிப்பதன் அடிப்படையே இந்த ஒரு வாக்கியம்தான்.

பிஎன் கதை அத்தோடு முடியவில்லை. அது கூட்டைவிட்டு இன்னும் வெளிவராத குழந்தை விண்மீன் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். பிறகு ரேடியோத் தொலைநோக்கிகள் ஆண்டுக்கணக்கில் அதன் இடத்தை அளந்தபோது, அது நகர்வது தெரிந்தது. சும்மா நகரவில்லை, நொடிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ஓடுகிறது. பக்கத்தில் 'மூலம் ஐ' என்று அழைக்கப்படும் இன்னொரு பெரிய விண்மீன் எதிர்த்திசையில் ஓடுகிறது. இரண்டின் பாதைகளையும் பின்னோக்கி இழுத்தால் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. நம் கண்ணுக்கு எட்டிய கணக்கில் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் அங்கே இருந்தன.

அந்தப் புள்ளியிலிருந்து வேறொன்றும் கிளம்பியிருக்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறு அதிரும்போது வெளியிடும் 2.12 மைக்ரான் ஒளியில் பார்த்தால், நூற்றுக்கும் மேற்பட்ட வாயுக் கட்டிகள் எல்லாத் திசையிலும் சீறிப் பாய்வது தெரியும். ஒவ்வொன்றும் மேகத்தைக் கிழித்துப் போன பாதை விரல்போல் நீண்டிருக்கிறது. 'ஓரியன் விரல்கள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பின்னர் சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கிகள் கார்பன் மோனாக்சைடிலும் இதே வெடிப்பை வரைந்தன. நடந்தது இதுதான் என்று தோன்றுகிறது: நெருக்கமாகச் சுற்றிய சில பெரிய விண்மீன்கள் ஒன்றையொன்று மிக அருகில் நெருங்க, இரண்டு இறுகப் பிணைந்தன அல்லது ஒன்றாகவே கலந்தன. அதில் விடுபட்ட ஆற்றல் மற்றவற்றைக் கவணெறிந்ததுபோல் வெளியே வீசியது. வெளிப்பட்ட ஆற்றல், நம் சூரியன் ஒரு கோடி ஆண்டுகளில் வீசும் ஆற்றலுக்கு நிகர். விண்மீன் பிறப்பென்றால் வாயு மெல்லச் சுருங்கி, அமைதியாகத் திரண்டு ஒளிரும் என்றே பாடப்புத்தகங்களில் படித்திருக்கிறோம். பெரிய விண்மீன்கள் பிறக்கும் இடத்தில் அப்படி நடப்பதில்லை. அங்கே பிறப்பே கூட்ட நெரிசலில், முட்டி மோதி நடக்கிறது.

பெரியவர்களின் கதை பரபரப்பானது. ஆனால் ஓரியனில் பிறக்கும் விண்மீன்களில் மிகப் பெரும்பாலானவை சூரியனைவிடச் சிறியவை. அவற்றின் கதைதான் நம்முடையதும். அவற்றைப் படிக்க அகச்சிவப்பில் ஒரு நல்ல வழி உண்டு. தனித்த விண்மீனின் ஒளி சில மைக்ரானுக்கு அப்பால் விறுவிறுவென்று சரிந்துவிடும். அதைச் சுற்றித் தூசி வட்டு ஒன்று சுழன்றால், வட்டின் உள்விளிம்பு ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்து 2, 3 மைக்ரானில் ஒளிரும். இன்னும் தள்ளியுள்ள பகுதி 10, 20 மைக்ரானில் ஒளிரும். எனவே விண்மீனுக்கு இருக்க வேண்டியதைவிட அகச்சிவப்பு மிகையாக இருந்தால், அங்கே வட்டு இருக்கிறது. படத்தில் வட்டையே பார்க்க வேண்டியதில்லை, ஒளியின் கணக்கில் உதைப்பதே சான்று. சார்ல்ஸ் லாடா 1980-களில் இந்த மிகையின் சாய்வை வைத்து இளம் விண்மீன்களை வகுப்புகளாகப் பிரித்தார். அலைநீளம் கூடக்கூட ஒளி ஏறிக்கொண்டே போனால் அது இன்னும் போர்வைக்குள் இருக்கும் கருவிண்மீன். மெல்லச் சரிந்தால் போர்வை கலைந்து வட்டு மட்டும் மிஞ்சியது. சடாரென்று விழுந்தால் வட்டும் போய்விட்டது. ஒரு கோட்டின் சாய்வு விண்மீனின் வயதைச் சொல்லிவிடுகிறது.

ட்ரபீசியத்தைச் சுற்றியுள்ள கொத்தை லாடாவும் கூட்டாளிகளும் 3.4 மைக்ரான் அருகே அளந்து 2000-இல் வெளியிட்டார்கள். அங்குள்ள விண்மீன்களில் 80 முதல் 85 சதவீதம்வரை வட்டு உடையவை. இது எனக்கு இன்னமும் மலைப்பாக இருக்கிறது. கோள்களுக்கான மூலப்பொருள் அபூர்வமாக எங்கோ ஒரு விண்மீனுக்கு வாய்ப்பதில்லை. பிறக்கும்போது ஏறக்குறைய எல்லோருமே அதோடுதான் பிறக்கிறார்கள். பிறகு ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி ஓரியனின் இரு பெரும் மேகங்களையும் முழுவதுமாக வரைந்தது. தூசி சூழ்ந்த இளம் விண்மீன்கள் 3,479 என்று பட்டியல் ஆயிற்று. அவற்றில் ஏறக்குறைய ஐந்நூறு, போர்வையைவிட்டு இன்னும் வெளிவராத கருவிண்மீன்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தூசி விலகிக் கொடுக்கும்போது உள்ளே இருப்பவை மட்டும் தெரிவதில்லை, மேகத்துக்குப் பின்னால் வெகுதொலைவில் இருப்பவையும் தெரியும். தூசியால் சிவந்துபோன பின்னணி விண்மீன், உள்ளே இருக்கும் இளம் பொருளைப்போலவே வேடமிடும். 2023-இல் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் படங்களிலிருந்து, விண்மீன் எதையும் சுற்றாமல் தனியே மிதக்கும் கோள்நிறைப் பொருள்கள் 540 இருக்கக்கூடும் என்றும், அவற்றுள் 40 இணைகள் உள்ளன என்றும் அறிவிப்பு வந்தது. இணைகளைப் பற்றிய செய்தி பெரிய பரபரப்பானது. அதே படங்களை மறுபடி ஆராய்ந்த இன்னொருவர், அவற்றில் பல பின்னணிப் பொருள்களாக இருக்கலாம் என்று காட்டினார். விவாதம் ஓயவில்லை. அது ஓயும்வரை அந்த இணைகளை நம்பிக் கோட்பாடு கட்டுவது அவசரம் என்றே நான் நினைக்கிறேன்.

வட்டுகளுக்கு வருவோம். வயது கூடிய பல விண்மீன் கொத்துகளில் இதே அகச்சிவப்பு மிகையை எண்ணிப் பார்த்தபோது ஒரு கடிகாரம் கிடைத்தது. 30 லட்சம் ஆண்டுகளுக்குள் பாதி விண்மீன்கள் வட்டை இழந்துவிடுகின்றன. 60 லட்சம் ஆண்டுகளில் அநேகமாக எல்லாமே. வியாழன்போன்ற வாயுக் கோள் உருவாக வேண்டுமென்றால் அதற்குள் உருவாகிவிட வேண்டும், பிறகு வாயு கிடைக்காது. இது அமைதியான இடங்களுக்குமான சராசரி. தீட்டா-1 சி போன்ற ஒன்று பக்கத்தில் இருந்தால்?

1990-களின் தொடக்கத்தில் ஹப்பிள் தொலைநோக்கி இதற்கு விடையைப் படமாகவே காட்டியது. ராபர்ட் ஓடெல்லும் அவருடைய குழுவினரும் ஓரியன் நெபுலாவின் பிரகாசத்துக்கு நடுவே சிறு கண்ணீர்த் துளிகளைக் கண்டார்கள். ஒவ்வொரு துளிக்குள்ளும் ஓர் இளம் விண்மீன், அதைச் சுற்றிக் கரிய வட்டு. துளியின் தலை தீட்டா-1 சியைப் பார்த்து ஒளிர்கிறது. வால் எதிர்ப்பக்கம் நீள்கிறது. காற்றில் பிடித்த ஊதுபத்திப் புகைபோல எல்லா வால்களும் ஒரே மூலத்திலிருந்து விலகி நிற்கின்றன. புற ஊதாக் கதிர்கள் வட்டின் மேற்பரப்பைச் சூடாக்க, வாயு விண்மீனின் ஈர்ப்பை மீறி ஆவியாகிக் கிளம்புகிறது. நெருக்கத்தில் இருப்பவை ஒவ்வோர் ஆண்டும் சூரிய நிறையில் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு இழக்கின்றன. சிறிய எண்போலத் தோன்றும். ஆனால் நம் சூரியக் குடும்பத்துக் கோள்களை உருவாக்கத் தேவைப்பட்ட குறைந்தபட்ச வட்டே சூரிய நிறையில் நூறில் ஒரு பங்குதான். இந்த வேகத்தில் அது ஒரு லட்சம் ஆண்டுகளில் காலியாகிவிடும்.

கொத்தின் வயதோ பத்து லட்சம் ஆண்டுகளை ஒட்டியது. அப்படியானால் வட்டுகள் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டாமா? எண்பது சதவீதம் எப்படி மிஞ்சியது? இந்த முரண் வெகுகாலமாக ஆய்வாளர்களைத் தூங்கவிடவில்லை. தீட்டா-1 சி மற்றவர்களைவிட இளையதாக இருக்கலாம், அண்மையில்தான் எரியத் தொடங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். சிறு விண்மீன்கள் கொத்துக்குள் அலைந்துகொண்டே இருக்கின்றன, தூசியின் நிழலிலிருந்து இப்போதுதான் வெயிலுக்கு வந்தவையே நமக்குத் துளிகளாகத் தெரிகின்றன என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கக்கூடும். ஆல்மா அளவீடுகள் ஒன்றைத் தெளிவாக்கின: அந்தப் பெரிய விண்மீனுக்குப் ஒளியாண்டில் பத்தில் ஒரு பங்குத் தொலைவுக்குள் கனமான வட்டுகள் அருகிவிடுகின்றன. யார் வீட்டுப் பக்கத்தில் பிறந்தோம் என்பது விண்மீன்களுக்கும் முக்கியம்.

ஜேம்ஸ் வெப் வந்தபிறகு இந்த ஆவியாதலை உள்ளே நுழைந்து பார்க்க முடிந்தது. 6.5 மீட்டர் ஆடி. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவு. ஐந்தடுக்குச் சூரியத்திரையின் நிழலில் உறைந்து நிற்பதால் தன் சொந்த வெப்பம் பார்வையைக் கெடுப்பதில்லை. ஓரியன் பட்டை என்று அழைக்கப்படும் ஒளிரும் விளிம்புக்கு அருகில் டி203-506 என்ற சிறிய வட்டு இருக்கிறது. நடுவில் உள்ள விண்மீன் சூரியனில் மூன்றில் ஒரு பங்கும் தேறாது. ஃபிரான்சின் ஒலிவியே பெர்னே முன்னின்ற பன்னாட்டுக் குழு அதை வெப்பாலும் ஆல்மாவாலும் அளந்தது. வட்டின் மேற்பரப்பிலிருந்து வெதுவெதுப்பான வாயு கசிந்து வெளியேறுவது நேரடியாகத் தெரிந்தது. இந்த இழப்பு நீடித்தால் அங்கே வியாழன்போன்ற ஒரு கோள் உருவாவதற்கு வாயு மிஞ்சாது என்று 2024-இல் எழுதினார்கள்.

அதே வட்டில் ஓராண்டு முன்பு அவர்கள் கண்டது வேறு வகையில் முக்கியமானது. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்து, ஓர் எலெக்ட்ரானை இழந்த மெத்தில் அயனி அது. விண்வெளியில் கார்பன் வேதியியலின் திறவுகோல் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று 1970-களிலேயே கணித்திருந்தார்கள். எங்கும் நிறைந்த ஹைட்ரஜனோடு இது எளிதில் வினைபுரியாது, மற்ற மூலக்கூறுகளோடு உடனே சேர்ந்து சிக்கலான சேர்மங்களை உண்டாக்கும். ஆனால் சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஐம்பது ஆண்டுகளாக யாராலும் காண முடியவில்லை. மூன்று ஹைட்ரஜனும் சமச்சீராக அமர்ந்திருப்பதால் இதற்கு மின்முனைகள் இல்லை, எனவே ரேடியோ அலைகளில் ஊமை. அதிரும்போது 7 மைக்ரான் அருகே அகச்சிவப்பில் மட்டும் பேசும். அந்தப் பேச்சை வெப் கேட்டது. அந்த அயனி உருவாவதற்கான ஆற்றலைக் கொடுப்பதும் அதே புற ஊதாக் கதிர்கள்தான். வட்டைத் தின்னும் ஒளி, வட்டுக்குள் கரிமச் சேர்மங்கள் உருவாக வழியும் திறந்துவிடுகிறது.

இவ்வளவு தொலைவில் நடப்பது நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு கல் இருக்கிறது. 1969 பிப்ரவரி 8 அன்று மெக்சிகோவின் அயெண்டே கிராமத்தருகே ஒரு விண்கல் வெடித்துச் சிதறியது. டன் கணக்கில் துண்டுகள் கிடைத்தன. உடைத்துப் பார்த்தால் கரிய கல்லுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சிறு திட்டுகள். சூரியக் குடும்பத்தில் முதன்முதலாக உறைந்த திடப்பொருள் அவை. வயது சுமார் 456 கோடி ஆண்டுகள். அவற்றில் மக்னீசியம்-26 வழக்கத்தைவிட மிகுதியாக இருப்பதை 1976-இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அலுமினியம்-26 சிதைந்தால்தான் அது அப்படி வரும். அலுமினியம்-26-இன் அரைவாழ்வு வெறும் 7 லட்சம் ஆண்டுகள். வானியல் கணக்கில் அது கண்சிமிட்டும் நேரம். எனவே வெள்ளைத் திட்டுகள் உறைவதற்குச் சற்று முன்புதான் அது எங்கோ அருகில் உருவாகி நம் வட்டில் கலந்திருக்க வேண்டும். அதை மிகுதியாக உருவாக்கி, காற்றாகவும் வெடிப்பாகவும் வெளியே வீசுபவை பெரிய விண்மீன்கள்தான்.

சூரியனும் அப்படி ஒரு பெரிய விண்மீனின் பக்கத்து வீட்டில் பிறந்தது என்றே இதை ஆராய்ந்தவர்களில் பலர் கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். நெப்டியூனைத் தாண்டிய சிறு பொருள்களின் கூட்டம் சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவைப்போல் ஏறத்தாழ 50 மடங்கில் சட்டென்று மெலிந்துவிடுவதையும் சிலர் சேர்த்துக் காட்டுகிறார்கள். யாரோ நம் வட்டின் ஓரத்தை நறுக்கிவிட்டதுபோல் அது இருக்கிறது. நறுக்கியது அண்டைவீட்டுப் புற ஊதாவா, அருகில் கடந்துபோன உடன்பிறப்பின் ஈர்ப்பா என்பதற்கு ஓரியனின் வட்டுகளை ஒவ்வொன்றாக எடை போட்டுத்தான் பதில் தேட வேண்டும். எந்தத் தொலைவில் இருக்கும் வட்டு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்ற பட்டியல் இப்போதுதான் நீண்டுவருகிறது.

தீட்டா-1 சியின் ஆயுள் சில பத்து லட்சம் ஆண்டுகளே. அது வெடிக்கும்போது அதன் காலடியில் கிடக்கும் சிறு விண்மீன்களில் வட்டோடு மிஞ்சியிருப்பவை கொஞ்சமாகத்தான் இருக்கும். அதன் வயிற்றில் விளைந்த அலுமினியம்-26 அந்தச் சிலவற்றின் மேல் விழும். அங்கே அப்போது உறையும் கற்களுக்குள் போய், சில பத்து லட்சம் ஆண்டுகளில் மக்னீசியமாக மாறிவிடும்.